சந்திரசேகரின் 11 விழுக்காடு

பரவை ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களில் சாய்வெயில் பட்டுக் கண் கூசுகிறதே, அந்த ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. தளவிளைவு என்ற இந்தப் பண்பைக் கொண்டுதான் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் கப்பல் பயணத்தின்போது, நிகோல் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை விலக்கி, கடலின் சொந்த நீலத்தைக் கண்டார். அவருடைய அண்ணன் மகனும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவருமான சந்திரசேகர் அதே பண்பை விண்மீன்களில் ஆராய்ந்தார். கருந்துளையும் நியூட்ரான் விண்மீனும் மோதியபின் எழக்கூடிய ஒளியை ஆராய்பவர்கள் இன்று நிற்பது அவர் இட்ட அடித்தளத்தில்தான் என்பேன்.

1946இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது, எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கும் விண்மீனின் விளிம்பில் தளவிளைவு 11 விழுக்காட்டைத் தாண்டும் என்று அவர் கணக்கிட்டார். ஆனால் உருண்டையான விண்மீனில் எதிரெதிர் விளிம்புகளின் விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். துணை விண்மீன் ஒரு பக்கத்தை மறைத்தால்தான் மிச்சம் தெரியும். அதைத் தேடிப் போன வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் கண்டது வேறு: விண்மீன்களுக்கிடையே கிடக்கும் தூசி உண்டாக்கிய தளவிளைவு. விளிம்பின் விளைவு அல்கோல் விண்மீனில் பிடிபட 1983 ஆனது.

2017 ஆகஸ்ட் 17இல், சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியது தெரியவந்தது. ஒன்றரை நாள் கழித்து சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கி அந்த மோதல் கிளப்பிய வெடிப்பொளியில், அதாவது கிலோநோவாவில், அளந்த தளவிளைவு ஏறத்தாழ 0.5 விழுக்காடு. அதுவும் பெரும்பாலும் நம் பால்வழித் தூசியின் வேலை! அப்படியானால் அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை என்பதும் ஓர் அளவீடுதான். நம் பார்வைக் கோணத்தில் அந்த வெடிப்பு பெரிதாகக் கோணிக்கொள்ளவில்லை, அல்லது எலக்ட்ரான் சிதறலின் பங்கு குறைவு என்று அது சொல்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: சந்திரசேகர் எடுத்துக்கொண்டது எலக்ட்ரான் சிதறல் மட்டும், கிலோநோவாவிலோ லாந்தனைடு போன்ற கனத் தனிமங்கள் ஒளியை விழுங்கித் தளவிளைவைக் குலைக்கின்றன. உண்மை. ஆனால் அப்படியும் அவருடைய எண் ஒப்பீட்டுக்கான அளவுகோலாகப் பயன்படுகிறது. அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து, சிதறிய பொருளின் கலவையையும் வடிவத்தையும் ஊகிக்கலாம்.

கருந்துளை மோதலில் எதிர்பார்ப்பு இன்னும் கூடுதல். கருந்துளை நியூட்ரான் விண்மீனைக் கிழிக்கும்போது பொருள் ஒரு பக்கமாகவே வீசப்படுவதால், விளைவுகள் ஒன்றையொன்று முழுதாக அழிக்க வழியில்லை. 2020 ஜனவரியில் ஈர்ப்பலைகள் காட்டிய இத்தகைய இரு மோதல்களில் ஒளி எதுவும் பிடிபடவில்லை. அடுத்தது எழுந்தால் முதல் இரண்டு நாள்களுக்குள் அளக்க வேண்டும். அதே திசையிலுள்ள நம் பால்வழி விண்மீன்களையும் உடனே அளந்து, தூசியின் பங்கைக் கழித்தாக வேண்டும்.