கங்காணியின் காது

"மனம் திறந்து பேசுங்கள். இந்த அறையை விட்டு ஒரு சொல்லும் வெளியே போகாது" என்கிறார் மனிதவள அதிகாரி. குறை சொல்ல வந்தவர் நம்புகிறார். மேலாளரின் வசைமொழி, தம் உடல்நலக் குறைவு, வேறிடம் தேடும் எண்ணம் யாவற்றையும் கொட்டிவிடுகிறார். மறுவாரம் மேலாளர் புன்னகையோடு கேட்கிறார்: "என்னைப் பற்றி ஏதோ சொன்னீர்களாமே?" சொன்னவர் திகைக்கிறார். நாம் திகைக்கவில்லை. அந்தக் காதின் வரலாறு நமக்குத் தெரியும்!

அதை அறியக் குமரி மாவட்டத்து மலையடிவாரமே போதும். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று விரிந்துகிடக்கும் அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்ட வந்தோருள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் உண்டு. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அனுப்பிவைத்த மக்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் தேயிலை மலையில் கண்ட மனிதவள அதிகாரிக்கு அன்று வேறு பெயர் இருந்தது. கங்காணி!

கங்காணி அயலான் அல்லன். ஊர்க்காரன், பலவேளை உறவுக்காரன். ஆள் திரட்டியவனும் அவனே, முன்பணம் கொடுத்தவனும் அவனே, வேலை வாங்கியவனும் அவனே. துரையிடம் நேரே போய்ப் பேச வழியற்ற தொழிலாளி, காய்ச்சலையும் கடனையும் கண்ணீரையும் அவனிடமே சொன்னான். ஆனால் அந்தக் கங்காணிக்குப் படியளந்தது யார்? வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் 'தலைக்காசு' உண்டு. "உடம்புக்கு முடியவில்லை" என்று ஒருவன் சொன்னால், அன்றைய காசு கங்காணிக்கு இல்லை. "வேறு தோட்டம் போகிறேன்" என்றாலோ, கங்காணியின் வருவாயே போய்விடும். எவனுக்கு இழப்போ அவனிடமே இரகசியம் சொன்னான் ஏழை! கூட்டத்தின் கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதி, அத்தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்களை மாற்றிவிடும் வழக்கமும் இருந்தது. அந்தத் துண்டுமுறை 1921இல்தான் ஒழிந்தது.

இந்தியத் தொழிற்சாலைகளிலும் கங்காணி இருந்தான். மேஸ்திரி என்ற பெயரில். வேலை தருவதும் பறிப்பதும் அவன் கையில் இருந்ததால் கையூட்டும் பெருகிற்று. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இதைக் கண்டு, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. நல்ல திருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலுவலர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? ஆலையின் பொது மேலாளருக்கு! விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் வேண்டுமென்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேர் உள்ள தோட்டங்களுக்கு அவ்வாறே விதித்தது. பெயரில் நலம் ஏறிற்று. சம்பளமோ முதலாளியின் பெட்டியிலிருந்தே வந்தது. இன்று அவருடைய வழித்தோன்றல் குளிரூட்டிய அறையில் அமர்ந்து 'ஹெச்.ஆர்.' எனப்படுகிறார்.

அவரிடம் சொன்னது வெளியே போகாதென்று சட்டம் காக்கிறதா? வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் காத்தது. 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த சட்டமும் காக்கிறது. அரசுத் தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் சொன்னவர் யார் என்பதை முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கலாகாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு 81ஆம் உடன்படிக்கை. இந்தியா 1949இல் அதை ஏற்றது. மனிதவள அதிகாரியின் பேச்சுக்கோ அப்படியொரு பொதுக்காப்பு இல்லை. அவர் தரும் வாக்குறுதி நாகரிகத்தைச் சார்ந்தது; உரிமை ஆகாது.

ஒரு விலக்கு உண்டு. பணியிடப் பாலியல் தொல்லைக்கெதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்த பெண்ணின் பெயரையும் விசாரணையையும் ஊரறியச் செய்வதைத் தடுக்கிறது. மீறியவருக்கு 5,000 ரூபாய் தண்டம். முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் குமரிப் பெண்ணுக்கும் இது பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானால் மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் அவள் போகலாம். ஆயினும் புகாரின் படி ஏழு வேலைநாளில் எதிராளிக்குப் போகும். முடிவறிக்கை முதலாளிக்குப் போகும். அதில் பிழையில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பதில் சொல்ல வேண்டாமா? எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் அதிகாரி புகாரையும் சேர்த்தல்லவா பூட்டிவிடுவார்!

நேர்மையான அதிகாரிகள் இல்லையென நாம் சொல்லவில்லை. நேர்மையானவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "இதை நான் வைத்துக்கொள்ள முடியும், இதை மேலே சொல்லியாக வேண்டும்" என்று. அதைச் சொல்லாதவரிடம் நம் தோழர்கள் முதலில் அதையே கேட்கட்டும். குறையை எழுத்தில் கொடுத்து, நாளிட்ட படியொன்றைத் தம் வீட்டில் வைக்கட்டும். வேறு வேலை தேடும் செய்தியை மட்டும் அந்த அறைக்கு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போகட்டும்.