அட்டிலும் புகையும்: மட்டக்களப்பு வாவிக்கரை அடுக்களையின் வரலாறு

மன்னர் போரிட்ட களங்களும் அந்நியர் எழுப்பிய கோட்டைகளும் வரலாற்று நூல்களிற் பல பக்கங்களைப் பெற்றுள்ளன. அம்மன்னருக்கும் அந்நியருக்கும் சோறு சமைத்த அடுப்பைப்பற்றி அந்நூல்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. புகைக்குக் கல்வெட்டில்லை, செப்பேடுமில்லை. ஆயினும் சொற்களும் வீடுகளும் சான்று பகருமிடத்து, அடுக்களையின் வரலாற்றையும் ஒருவாறு எழுதுதல் கூடும். அவ்வரலாறு பெரும்பாலும் பெண்களின் கண்ணையும் மூச்சையும் பற்றியதாதலின், அதனைச் சிறுபொருளென்று தள்ளுதற்கில்லை.

முதலிற் சொற்களை நோக்குவோம். அடுதல் என்பது சமைத்தல். அதனடியாகவே அட்டில், அடுப்பு, அடுக்களை என்னும் சொற்கள் பிறந்தன. குறுந்தொகையின் 167ஆம் பாடலிலே கூடலூர் கிழார் புதுமனை புகுந்த ஒருத்தியைக் காட்டுகின்றார். தாளிப்பின் புகை அவள் மையுண்ட கண்களை நிறைக்கின்றது. அவளோ கணவனுக்குப் புளிக்குழம்பு ஆக்குவதிலேயே கருத்தாயிருக்கின்றாள். அப்பாடலை இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் கற்பிப்பர், அது பொருத்தமே. எனினும் வரலாற்று மாணவனுக்கு அஃது இன்னொன்றையும் உணர்த்தும். சமைப்பவள் கண்ணிற் புகை படிதல் அக்காலத்தில் இயல்பாகக் கொள்ளப்பட்டது என்பதே அது. காற்று வரும் வழியைச் சிலப்பதிகாரம் காலதர் என வழங்குகின்றது. கால் காற்று, அதர் வழி. ஆதலின் வீட்டிற்குக் காற்று வேண்டும் என்னும் அறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று.

மட்டக்களப்பிலே இன்று அட்டில் என்பார் அரியர். ‘குசினி’ என்பதே பேச்சுவழக்கு. இது போர்த்துக்கேயர் தந்த சொல். ‘யன்னல்’ என்பதும் அவர்கள் தந்ததே. அவர்கள் புளியந்தீவிலே 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிப் பத்தாண்டுகளே போர்த்துக்கேயர் கையிலிருந்தது என்பது புலனாகும். சொற்களோ நானூறாண்டுகளாக நம் நாவில் நிலைத்துள்ளன.

இனி வீட்டை நோக்குவோம். வாவிக்கரைச் சிற்றூர்களிற் பழைய குசினி பெரும்பாலும் பெருவீட்டிலிருந்து சற்றே விலகி நின்ற சிறு குடிலாகும். களிமண் சுவர், கிடுகினாலோ இலுக்கினாலோ வேய்ந்த கூரை, சுவருக்கும் கூரைக்குமிடையே ஒரு சாண் வெளி, இவையே அதன் அமைப்பு. புகை அவ்வெளியாலும் ஓலையின் இடுக்குகளாலும் மெல்லக் கசிந்து வெளியேறும். அப்புகையாற் பயனும் இருந்தது. ஓலையை உளுக்கவிடாது காத்தது. அடுப்பின் மேலிருந்த பரணில் விதைகளையும் விறகையும் உலர்த்திப் பூச்சியணுகாமற் பேணிற்று. ஆகவே முன்னோர் புகையை அறியாமையாற் பொறுத்தனர் என்றல் முழு உண்மையாகாது. அவர்கள் அதனிடம் வேலை வாங்கினர். அவ்வேலைக்குரிய கூலியைக் கண்ணெரிவாகவும் இருமலாகவும் கொடுத்தவர் சமைத்த பெண்களும் அவர்தம் இடுப்பிலிருந்த குழந்தைகளுமாவர்.

இந்த அமைப்பைக் குலைத்தது வீடு கட்டும் முறையில் வந்த மாற்றம். ஓலை போய் ஓடும் அஸ்பெஸ்டஸ் தகடும் வந்தன. களிமண் போய்ச் சீமெந்துக் கல் வந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோளும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. உறுதியான வீடு வேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஆனால், சுவருக்கும் கூரைக்குமிடையே இருந்த வெளி அடைபட்டதும் புகையின் வழியும் அடைபட்டது. பரண் மறைந்தது; ஓலையும் மறைந்தது; புகையின் பயனும் அவற்றோடு மறைந்தது. தீங்கு மட்டும் எஞ்சிற்று. புகைக்கூடு கட்டியவர் இதனை உணர்ந்தவர். கட்டாதோர் வீட்டிற் புகை சிறைப்பட்டது.

மேனாட்டாரும் இவ்விடரைப் பட்டே தெளிந்தனர். இங்கிலாந்தின் பாராளுமன்ற மண்டபத்திற் கெட்ட காற்றை வாங்குதற்குத் தெசாகுலியர் என்னும் அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கையாற் சுழற்றும் விசிறிச் சக்கரமொன்றை அமைத்தார். ரம்போர்ட் பிரபு 1796இல் புகைக்கூட்டின் வாயை ஒடுக்கிப் புகை திரும்பாதிருக்கும் வகையை எழுதினார். மின்விசை வந்தபின் அச்சக்கரமும் அக்கூடும் ஒன்றாயின. அடுப்பின்மேற் கவிந்த கூடும் அதனுள் சுழலும் விசிறியும் சேர்ந்ததே கடைகளில் ‘குக்கர் ஹூட்’ எனப்படும் புகையுறிஞ்சி. நம் நாட்டில் லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969இல் நிறுவப்பட்டது. கம்பி எட்டிய இடத்திலெல்லாம் விசிறியும் எட்டக்கூடியதாயிற்று.

இக்கருவியை அமைக்க விரும்புவோர் சில நெறிகளை அறிதல் நன்று. அறையின் கன அளவை முதலிற் கணிக்க. 4 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் உயரமுமுள்ள குசினி 30 கனமீற்றர் கொள்ளும். மணிக்குப் பன்னிரு முறை காற்று மாறவேண்டின், விசிறி மணிக்கு 360 கனமீற்றரை வெளியேற்றவேண்டும். வாயு அடுப்பின் மேலே ஏறக்குறைய 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரத்திற் பொருத்துதல் வழக்கம். செய்தோர் தந்த குறிப்பே இதில் முடிவானது. குழாய் குறுகியதாயும் வளைவு குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். அதன் வாய் கூரைக்குள் முடியாமல் வெளியே திறத்தல் வேண்டும்; இல்லையேற் கூரையினுள் எண்ணெய்ப் பசை படிந்து தீக்கு உணவாகும். கரித்துண்டினால் வடித்துக் காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை, மணத்தைக் குறைக்குமேயன்றிக் காபனோரொட்சைட்டை அகற்றாது.

நம் நிலத்திற்கேயுரிய கவனங்கள் இரண்டுள. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்தும் கச்சான் மேற்கிலிருந்தும் மாறி மாறி வீசுமாதலின், குழாய்வாயில் தானே மூடிக்கொள்ளும் தகடு இருத்தல் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மண்ணில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்னும். துருப்பிடியா உருக்கினாலான திருகாணிகளே ஏற்றவை.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும் என்பதும் மறத்தற்குரியதன்று. யன்னலையெல்லாம் அடைத்துவிட்டு விசிறியைச் சுழற்றினாற் புகை போகாது. பழந்தமிழர் சொன்ன காலதரின் பொருள் இங்கே விளங்கும். எண்ணெய் வடிகளை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் அடிக்கடி கழுவுக. பொங்கலுக்கு ஒட்டறை அடிக்கும் வீட்டார்க்கு இது புதுப்பழக்கமன்று. கழுவுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். புவித்தொடுப்பும், மின்னொழுக்கு நேர்ந்தால் தானே விடுபடும் ஆளியும் இல்லாத வீட்டிற் பயின்ற மின்னிணைப்பாளரைக்கொண்டு அவற்றை முதலில் அமைத்தல் வேண்டும். தாச்சியில் எண்ணெய் தீப்பற்றின், அடுப்பையும் விசிறியையும் நிறுத்தித் தாச்சியை மூடுக. நீர் ஊற்றுதல் கூடாது. வாயு மணத்தால் ஆளியைத் தொடாது, கதவு யன்னல்களைத் திறந்து வெளியேறுக. சமையல் வாயு காற்றினும் கனமானது, தரையிலே தேங்கும். மேலே தொங்கும் விசிறி அதனை அகற்றாது. ஆளியின் ஒரு பொறியே தீங்குக்குப் போதும்.

ஆயினும், இக்கருவி வாயு அடுப்புக்கும் மின்னடுப்புக்கும் உரியது. விறகின் பொறியும் கரியும் அதன் வடிகளையும் விசிறியையும் கெடுத்துத் தீயையும் வருவிக்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. 2022இல் வாயு கிடையாதபோது, அதனைக் கைவிட்டிருந்த நகரத்தாரும் விறகுக்கு மீண்டனர். அவ்வாறு மீண்ட பலரின் குசினியிற் புகைக்கூடு இருக்கவில்லை. வீட்டினுட் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? புகை குறைந்த வீட்டிற்கே புகையுறிஞ்சி எளிதில் வருகின்றது. புகை மிகுந்த வீட்டிற்கு அது வருவதில்லை, வந்தாலும் பொருந்துவதில்லை. அங்கு வேண்டுவன உயர்ந்த புகைக்கூடு, சுவரின் மேல் விட்ட வெளி, உலர்ந்த விறகு, 1980களில் நம் நாட்டிற் பரவிய ‘அனகி’ போன்ற சீர்திருந்திய மண்ணடுப்பு ஆகியவை. இவற்றின் செலவு பெரிதன்று. வீடமைப்புத் திட்டம் வரைவோர் குசினியின் படத்தை வரையும்போது, அதில் நாள்தோறும் நிற்கப்போகும் பெண்ணைக் கேட்டு வரைவாராயின் பாதித் தீங்கு நீங்கும்.

நம் மாணவர் தத்தம் ஊரிலுள்ள பழைய குசினிகளை அளந்து, சுவரின் உயரம், கூரை, புகைவழி என்பவற்றைக் குறித்து வைப்பாராக. சமைத்து முதிர்ந்த பாட்டிமாரின் சொற்களையும் எழுதி வைப்பாராக. ஓலைக்கூரைக் குசினிகள் அருகிவருகின்றன; அவற்றை அறிந்தோரும் அருகிவருகின்றனர். கூடலூர் கிழார் கண்ட புகைபடிந்த கண், இலக்கியத்தில் மட்டும் எஞ்சுங் காலம் வருதல் வேண்டும்.