பாண்டி பஸ் போகும் போர்ப்பாதை

பெங்களூரில் பொட்டி தட்டும் நம்ம மக்களுக்கு நீண்ட வார இறுதின்னா பாண்டி கடற்கரைதான். பஸ் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்னு போகும். பாதிப் பேர் தூங்கிக்கிட்டே கடக்குற இந்த ரோட்டில்தான் 18-ஆம் நூற்றாண்டுல தென்னிந்தியா யாருக்குங்கிற சண்டையில பாதி நடந்துச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். மைசூர் மேட்டுல இருந்து கடற்கரைச் சமவெளிக்குப் படையோட இறங்க, ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல இருக்குற செங்கம் கணவாய் வசதியான வழி. இறங்கினதும் முதல்ல வர்ற பெரிய ஊர் திருவண்ணாமலை. உயரமான மதில், உள்ளே குளம், 217 அடி ராஜகோபுரம். நமக்கு அது கோயில், படைத்தளபதிக்கு ரெடிமேட் கோட்டை! பிரெஞ்சுக்காரங்க 1757-ல பிடிச்சாங்க, 1760-ல ஆங்கிலேயர் கைக்குப் போச்சு.

1767 செப்டம்பர்ல செங்கத்துல ஹைதர் அலி - நிஜாம் கூட்டுப் படையோட மோதின கர்னல் ஜோசப் ஸ்மித், ஜெயிச்சும் அங்கே நிக்க முடியாம திருவண்ணாமலைப் பக்கம் வந்தார். திருச்சியில இருந்து வர்ற இன்னொரு படையோட சேரணும்கிறது திட்டம். அந்த மாசக் கடைசியில திருவண்ணாமலை பக்கத்துலயே மறுபடி சண்டை. எண்ணிக்கையில குறைவா இருந்த ஸ்மித் படைதான் ஜெயிச்சது. சில மாசத்துல, 1768 தொடக்கத்துல, நிஜாம் ஹைதரைக் கழட்டி விட்டுட்டு ஆங்கிலேயரோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டார். (கூட்டணி தர்மம்லாம் அப்பவே அப்படித்தான் போல :-))

1780-ல ஹைதர் அதே கணவாய் வழியா மறுபடி இறங்கினப்போ ஊர் ஊரா எரிஞ்சுது. ஆங்கிலேயருக்குச் சோறும் தீவனமும் கிடைக்கக் கூடாதுன்னு போட்ட கணக்கு அது. வீரம், வியூகம்னு நாம சிலாகிக்கிற கதைகள்ல, அந்த வயல்கள் யாரோடதுங்கிற கேள்வி மட்டும் வர்றதே இல்ல. எனக்கு அதுதான் உறுத்துது.

திப்பு 1790-91-ல திருவண்ணாமலையைப் பிடிச்சுட்டு, பாண்டிச்சேரிப் பக்கம் வரைக்கும் போனார். பிரெஞ்சு உதவி கேட்டுத்தான். பிரான்சுல அப்போ புரட்சி நடந்துக்கிட்டு இருந்துச்சு. பதினாறாம் லூயிக்குத் தன் நாற்காலியே ஆட்டம், இவருக்கு எங்கே படை அனுப்புறது?

பாண்டியில தங்கியிருந்தா ஒரே நாள்ல இதைப் பார்த்துடலாம். விடியற்காலைல கிளம்பி முதல்ல செஞ்சி, சுமார் 70 கிலோமீட்டர். வெயில் ஏறுறதுக்குள்ள ராஜகிரி ஏறிடுங்க, தண்ணி கண்டிப்பா எடுத்துக்கோங்க. முகலாயப் படை 1690-ல இருந்து 1698 வரைக்கும் இதை ஏன் பிடிக்க முடியாம திணறுச்சுன்னு உங்க முழங்காலே சொல்லும். 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல வேற சேர்ந்துடுச்சு, அதனால கூட்டம் கூடலாம்.

அங்கே இருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனா திருவண்ணாமலை. சாயங்காலம் கோயிலுக்குப் போறப்போ, நேரா உள்ளே போயிடாம, வெளி மதில் ஓரமா ஒரு சுத்து நடங்க. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வேணாம், கிரிவலக் கூட்டத்துல மதிலே தெரியாது.