தப்பும் உடன்படிக்கையும்

ஓர் இசைக்குழுவின் வரலாறு, அதில் நின்றோர், நீங்கியோர் வரலாறேயாகும். பதுளை, பசறை, நமுனுகுலைத் தோட்டங்களின் தப்புக் குழுக்கள் இதற்குச் சான்று.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்ட மக்களுடன் வந்தது தப்பு. அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் அதுவே. மாசி மாதக் காமன் கூத்தில் ரதியையும் மதனையும் ஆடவைத்ததும் அதுவே. அதனை அடிக்கும் கடமையை ஒரு சாதியார்மீது சுமத்தி, அவர்களையே இழிவுபடுத்தியது நம் சமூகம் என்பதையும் மறைத்தலாகாது.

மூத்தவர் கை ஓய்ந்தால், கேட்டுப் பழகிய இளையவர் அவ்விடத்தில் நிற்பார். இது காலம் செய்யும் மாற்றம். அரசுகள் செய்த மாற்றமோ வேறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைகளை எண்ணினார்களேயன்றி, யார் அடிக்கு யார் ஆடினார் என்பதை எண்ணினாரில்லை. தலைமன்னாரில் கப்பலேறியோருடன் குழுக்களும் கலைந்தன.

இலங்கையில் தங்கிவிட்ட நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. காமன் கூத்தும் அழிந்துவிடவில்லை. எஞ்சியவர்கள் அதனை ஆடியே வருகின்றனர். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் தோட்டத்து முதியோரிடம் சென்று, தப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது எனக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அரசாங்க ஏடுகள் எழுதாத வரலாறு அது.