பெயரும் கோடும்

வாக்கைப் பறிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. மற்றது, பெயரை விட்டுவைத்துத் தொகுதியின் எல்லைக்கோட்டை வளைப்பது. 1812இல் மாஸசூஸெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட சட்டத்தில் ஒரு தொகுதி ஸாலமாண்டர் என்ற பிராணியைப்போல நெளிந்து கிடந்தது. பத்திரிகைக் கேலியில் அந்த வித்தைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெயர் போனவனுக்குத் தன் இழப்பு தெரியும். கோட்டுக்குள் சிக்கியவனோ சாவடிக்குப் போய் மை வைத்துக்கொண்டு திருப்தியாகத் திரும்புகிறான். இதனால் இரண்டையும் வேறு வேறு நோய்களாகப் பேசுவது வழக்கம். இலங்கை மலையகத்தின் சரித்திரம் இந்தப் பாகுபாட்டுக்கு இடங்கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இதை எழுதுவது நல்லம்பள்ளியிலிருந்து. இந்த ஊர் முன்பு சேர்ந்திருந்த சேலம் ஜில்லா, கங்காணிகளின் பின்னே கண்டிச் சீமைக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. அங்கே உடம்பு பட்ட பாட்டைப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' சொல்லிற்று. வாக்கு பட்ட பாட்டை நம் எழுத்து அதிகம் தொடவில்லை.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் சிலர் வென்றனர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜெயித்தார். சுதந்திரம் வந்த 1948லேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்தவன் இதற்குப் பத்திரம் காட்டுவது எங்ஙனம்? 1949ஆம் வருஷத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைக்கே வாக்கு என்றது. 1952 பாராளுமன்றத்தில் காங்கிரசுக்கு ஒரு ஸ்தானமும் இல்லை. சட்டத்தில் எந்த சமூகத்தின் பெயரும் கிடையாது. கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில் சட்டம் செல்லும் என்றதற்கு இந்த மௌனமும் உதவிற்று.

இதுவரை பெயரின் கதை. கோட்டின் கதை இதற்குள்ளேயே இருக்கிறது. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஒரு ஸ்தானம், 1,000 சதுர மைலுக்கு இன்னொன்று. பேர் என்றால் வாக்காளரல்ல, ஜனங்கள். தோட்டத்துத் தலைகளையும் எண்ணித்தான் 1946இல் மலைநாட்டுத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. தலைகளின் வாக்குப் போன பின்னும் 1952, 1956 தேர்தல்கள் அதே எல்லைகளில் நடந்தன. வாக்கிழந்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்த ஸ்தானங்களை மிச்சமிருந்த கண்டிச் சிங்கள வாக்காளர் நிரப்பினர். அவர்களுடைய ஒவ்வொரு வாக்கும் கனத்தது. எந்தக் கோட்டையும் யாரும் நகர்த்தவில்லை. நகர்த்தாததே போதுமானதாக இருந்தது. 1787 அமெரிக்க அரசியலமைப்பு அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி எஜமானர்களின் மாநிலங்களுக்கு ஸ்தானம் கூட்டியதும் இதே கணக்குத்தான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். இங்கே வந்து பிரஜையானவர்களுக்கு வாக்கு கிடைத்தது. ஆனால் தாங்கள் காடழித்து உண்டாக்கிய மலையைப் பற்றிச் சொல்ல அந்த வாக்குக்கு அதிகாரமில்லை. இலங்கையில் நாடற்றவராகத் தங்கிவிட்டவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று. இடையே 55 வருஷங்கள்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதோடு, நம் தலையை எண்ணி யாருக்கு நாற்காலி போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மலையகத்தைப் படித்த பிறகு முதல் கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.