ஓவியத்துக்குள் குதித்த காலம்

1996ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி ஜப்பானில் நின்டெண்டோ 64 என்னும் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. அன்று அதனுடன் வாங்கக் கிடைத்த ஆட்டங்கள் மூன்றே மூன்று. ஒன்று வானில் பறக்கும் ஆட்டம். இன்னொன்று ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி. மூன்றாவது சூப்பர் மரியோ 64. முதல் இரண்டையும் இன்று நினைவுகூர்வோர் குறைவு. மூன்றாவதைப் பற்றிய பேச்சோ இன்னும் ஓயவில்லை. அதை ஆடி வளர்ந்தவர்கள், பிள்ளைப் பருவத்தில் குடியிருந்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல அந்த ஆட்டத்தில் வரும் கோட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு வீடியோ கேம் எப்படி ஓர் ஊரைப்போல நினைவில் தங்கிவிடுகிறது? இலக்கியம் படிப்பவர்களும் பொருட்படுத்த வேண்டிய கேள்வி இது என்றே எனக்குப் படுகிறது.

நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் கடையாகத் தொடங்கப்பட்டது. ஓவியக் கல்லூரியில் படித்த ஷிகெரு மியாமோட்டோ 1977இல் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். 1981இல் வெளிவந்த டாங்கி காங் ஆட்டத்தில் மீசை வைத்த ஒரு தொழிலாளியை உருவாக்கினார். அவனே பின்னால் மரியோ ஆனான். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் அவனை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அந்த மரியோ தோல்பாவைக் கூத்தின் பாவையைப் போன்றவன். இடமிருந்து வலமாக ஓடுவான், மேலே தாவுவான், கீழே விழுவான். திரைக்கு உள்ளே, ஆழம் நோக்கி அவனால் ஓரடிகூட வைக்க முடியாது. பாவைக்கு முன்னும் பின்னும் கிடையாது அல்லவா?

அந்தப் பாவைக்கு ஆழம் என்ற திசையைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மியாமோட்டோ ஒருவருக்கு மட்டும் தோன்றியதல்ல. 1990இலேயே பிரான்சில் ஆல்ஃபா வேவ்ஸ் என்ற முப்பரிமாணத் தாவல் ஆட்டம் வந்துவிட்டது. 1995இல் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு ஜம்பிங் ஃப்ளாஷ் வந்தது. ஆகவே 'முதல்' என்ற பட்டத்தை மரியோவுக்குச் சூட்டுவது வரலாற்றுப் பிழை. அகன்ற வெளியில் ஓர் உருவத்தை விருப்பம்போல் இயக்குவதை இயல்பான செயலாக்கிக் காட்டியதுதான் அதன் சாதனை.

*

இதற்கு மூன்று சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது. முதலாவது, கை. அதுவரை மரியோவை இயக்கிய சிலுவை வடிவப் பொத்தானுக்கு அழுத்துவதும் விடுவதும் மட்டுமே தெரியும். நின்டெண்டோ 64இன் கைப்பிடியில் நடுவே ஒரு சிறு குச்சி முளைத்திருந்தது. அதை இலேசாகச் சாய்த்தால் மரியோ பூனைநடை நடப்பான்; இன்னும் சாய்த்தால் நடப்பான்; முழுதும் சாய்த்தால் ஓடுவான். விரலின் அழுத்தம் அவன் காலின் வேகமானது.

இரண்டாவது சிக்கல், கண். முப்பரிமாண வெளியில் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வி எழுகிறது. கேமராவைத் திருப்பும் பொறுப்பை ஆடுபவரிடமே கொடுத்தார்கள். ஆனால் அதற்கும் ஒரு கதாபாத்திரத்தை வைத்தார்கள். மேகத்தின் மேல் அமர்ந்து, தூண்டில் கோலில் கேமராவைத் தொங்கவிட்டபடி பின்தொடரும் லாகிட்டுதான் நமக்காக இவற்றையெல்லாம் படம் பிடிக்கிறான் என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. கோட்டையில் கண்ணாடி பதித்த ஓர் அறை உண்டு. அங்கே நுழைந்தால் கண்ணாடியில் மரியோவும் தெரிவான், அவனுக்குப் பின்னால் மிதக்கும் லாகிட்டுவும் தெரிவான். கதைசொல்லி தன் கதைக்குள்ளேயே ஒருகணம் அகப்பட்டுக்கொள்ளும் அந்த இடம், புனைகதை வாசகர்களுக்குப் புன்னகையை வரவழைக்கும்.

மூன்றாவது, உடல். நிலப்பரப்புகளை வரைவதற்கு முன்பே, வெற்று அறை ஒன்றில் மரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கச் செய்து பார்த்தது மியாமோட்டோவின் குழு. வெறுமனே ஓடுவதும் திரும்புவதும் தாவுவதுமே இன்பம் தரும் வரை அந்த அறையைவிட்டு அவர்கள் வெளியேறவில்லை. அந்த முயலுக்குக் கருவியின் செயலி வகையின் பெயரான மிப்ஸ் என்பதையே சூட்டினார்கள். கோட்டையின் நிலவறையில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

கேக் செய்து வைத்திருப்பதாகச் சொல்லி இளவரசி பீச் அனுப்பும் கடிதத்தோடு கதை தொடங்குகிறது. மரியோ வந்து சேரும்போது கோட்டையில் அவள் இல்லை. வாசலில் புல்வெளி, மரங்கள், அகழி, ஒரு சிற்றருவி. அங்கே பகைவர் யாருமில்லை. நேரக் கணக்கும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மரமேறலாம், நீந்தலாம். பலருடைய ஏக்கம் வந்து நிற்கும் இடம் இந்தப் புல்வெளிதான்.

உள்ளே சுவர்களில் ஓவியங்கள் தொங்குகின்றன. குதித்தால் ஓவியம் நீர்போல் அலையடித்து மரியோவை விழுங்கிக்கொள்ளும். மறுபுறம் பனிமலையோ பாலையோ கடலோ விரியும். இப்படி முதன்மையான நிலங்கள் 15. அவற்றிலும் கோட்டையின் மறைவிடங்களிலும் சிதறிக்கிடக்கும் விண்மீன்கள் 120. 70 விண்மீன்கள் சேர்ந்தால்தான் இறுதி மாடிப்படி முடிவுக்கு வரும். அதற்குக் குறைந்தால் ஏற ஏறப் படிகள் நீண்டுகொண்டே போகும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று கற்றுவந்த நமக்கு இந்த அமைப்பு அந்நியமானதல்ல. கடிகார உலகுக்குள் நுழையும் கணத்தில் முள் எங்கிருக்கிறதோ அதைப் பொறுத்தே உள்ளே இயந்திரங்களின் வேகம் அமையும். இன்னோர் ஓவியத்தில் எந்த உயரத்தில் குதிக்கிறோமோ அதற்கேற்ப உள்ளே நீர்மட்டம் இருக்கும்.

கோஜி கொண்டோவின் இசையும் நிலத்தோடு பிணைந்தது. கடல் நிலத்தில் நீரின் மேற்பரப்பில் மென்மையான பியானோ மட்டும் ஒலிக்கும். மூழ்கினால் நரம்பிசை சேரும். அடியிலுள்ள குகைக்குள் போனால் தாளமும் இணையும். இத்தனையும் 8 மெகாபைட் கொண்ட கார்ட்ரிட்ஜில் அடங்கின. நின்டெண்டோ 64இல் மட்டும் ஏறத்தாழ 1.19 கோடிப் பிரதிகள் விற்றன.

*

இடம் போதாமையால் கைவிடப்பட்டவையும் உண்டு. அவற்றில் ஒருவன் மரியோவின் தம்பி லூயிஜி. கோட்டையின் பின்முற்றத்தில் ஒரு நட்சத்திரச் சிலை. அதன் அடியில் மங்கலான எழுத்துகள் பொறித்த ஒரு பலகை. லூயிஜி உண்மையில் இருக்கிறான் என்றும், கூடவே 2401 என்ற எண்ணும் அதில் எழுதியிருப்பதாகச் சிறுவர்கள் படித்தார்கள். அவனைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பள்ளிக்கூடங்களில் வதந்தி வளர்ந்தது. 2004இல் வந்த மறு ஆக்கத்தில் லூயிஜி இடம்பெற்றாலும் அது வேறு ஆட்டம். 2020 ஜூலையில் நின்டெண்டோவின் பழைய கோப்புகள் இணையத்தில் கசிந்தபோது, அவற்றுள் லூயிஜியின் உருவத்துக்கான தரவுகள் கிடந்தன. ஆட்டம் வெளியாகி அப்போது 24 ஆண்டுகளும் 1 மாதமும் ஆகியிருந்தன! தற்செயல்தான். ஆனாலும் சிறுவயதில் கேலிக்கு ஆளானவர்களுக்கு அது ஒரு தீர்ப்பைப்போல ஒலித்திருக்கும்.

அதே காலத்தில் இணையத்தில் இன்னொரு தொன்மமும் உலவியது: இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பிரதியும் ஆடுபவருக்கேற்பத் தனித்தனியாக அமைந்தது என்று. தொழில்நுட்ப நோக்கில் இது வெறும் கட்டுக்கதை. எனினும் அது ஏன் பரவியது என்பது விளங்கிக்கொள்ளக்கூடியதே. அவரவர் நினைவிலுள்ள கோட்டை அவரவருடையது. ஒருவருக்கு அது தமக்கையோடு கைப்பிடிக்குச் சண்டையிட்ட கூடம்; இன்னொருவருக்கு நோயில் படுத்திருந்த ஒரு மாரிக்காலம்.

*

நினைவு ஒருபுறமிருக்க, பொருள் எங்கே இருக்கிறது? 2020 செப்டம்பர் 18 அன்று இந்த ஆட்டத்தையும் சேர்த்து ஒரு தொகுப்பை வெளியிட்ட நின்டெண்டோ, 2021 மார்ச் 31உடன் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஏலமொன்றில், உறை பிரிக்கப்படாத ஒரு பிரதி 15.6 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஒருமுறைகூட ஆடப்படாதது என்பதே அதன் மதிப்பு. அதற்குள் யாருடைய விண்மீனும் சேமிக்கப்படவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் வேறொரு கூட்டம் இயங்குகிறது. ஆர்வலர்கள் சிலர் ஆட்டத்தின் இயந்திரக் குறியீட்டைப் பிரித்து, மனிதர் படிக்கக்கூடிய நிரலாக 2019 வாக்கில் மீட்டெழுதினார்கள். விரைவாக ஆடி முடிப்பதையே கலையாகக் கொண்டவர்கள் இன்னொரு பக்கம். மரியோவின் நீள்தாவலில் முன்னோக்கிய வேகத்துக்கு வரம்பு வைத்த நிரலர்கள், பின்னோக்கிய வேகத்துக்கு வைக்க மறந்தார்கள். அந்தச் சிறு மறதியைப் பிடித்துக்கொண்டு, முடிவற்ற படிகளைப் பின்புறமாகவே பாய்ந்து கடந்துவிடுகிறார்கள். 1997 ஜூலையில் ஜப்பானில் வந்த திருத்தப் பதிப்பு இந்தப் பிழையைக் களைந்தது. அதனாலேயே அவர்கள் முதல் பதிப்பைத் தேடி ஆடுகிறார்கள். பாடபேதங்களை ஒப்பிட்டு, ஓர் எழுத்து வேறுபாட்டுக்காகப் பக்கம் பக்கமாக வாதிடும் நம் உரைமரபுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு நூல் சுவடியாக இருப்பதால் மட்டும் வாழ்வதில்லை. உரை சொல்ல ஆள் இருக்கும்வரை வாழ்கிறது. பெட்டகத்தில் பூட்டிய பிரதியைவிட, பொத்தான் தேய்ந்த கைப்பிடியிடமே நான் நம்பிக்கை வைப்பேன்.

இருந்தும், இவர்கள் எவராலும் மீட்க முடியாத ஒன்று உண்டு. தட்டையான திரைக்குள் முதன்முதலாக ஒரு தூரம் திறந்துகொண்ட வியப்பு அது. இன்றைய பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் என்பது காற்றைப்போல் இயல்பானது. அவர்கள் கண்ணுக்கு இந்த ஆட்டத்தின் மரங்கள் அட்டையில் வெட்டியவை, மலைகள் கோணல்மாணலானவை. அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. அன்று எது எதற்கு அடுத்து வந்தது என்று சொல்லி, அந்த வியப்புக்கான காரணத்தை விளக்கலாம். வியப்பையே கையில் எடுத்துக்கொடுக்க வரலாற்றாசிரியராலும் ஆகாது.

120 விண்மீன்களையும் சேர்த்தவருக்குப் புல்வெளியில் ஒரு பீரங்கி திறக்கும். அதன்வழியே கோட்டையின் கூரைக்குப் பறந்து சென்றால், அங்கே பழைய தோழன் யோஷி காத்திருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்களின் நன்றியைத் தெரிவித்து, 100 உயிர்களைப் பரிசாகத் தந்துவிட்டுக் குதித்து மறைந்துவிடுகிறது. செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாத வேளையில் கிடைக்கும் நூறு உயிர்கள்! பலர் அவற்றை வைத்துக்கொண்டு மீண்டும் முதல் ஓவியத்துக்குள் குதித்திருக்கிறார்கள்.