உத்தபுரம் சுவரும் ஜெனீவாக் குழுவும்: உரிமைக் கண்காணிப்பு முறை குறித்த ஒரு மறுவாசிப்பு

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை அரசுகள் கடைப்பிடிக்கும் விதத்தைக் கண்காணிக்க, ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றம் 1985இல் 18 வல்லுநர் கொண்ட குழுவை அமைத்தது. அரசுகள் குறித்த காலத்தில் அனுப்பும் அறிக்கையை ஆராய்ந்து, ‘நிறைவுக் கருத்துரை’ எனப்படும் மதிப்பீட்டை வெளியிடுவது அதன் முதன்மைப் பணி. உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பு, கையிலுள்ள வளங்களுக்கேற்ப உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்றினால் போதும் என்பதால், தாமதம் எங்கே முடிந்து மீறல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி ஆய்வாளரிடையே ஓயாத விவாதமாயிற்று.

இவ்விவாதத்தில் பெரிதும் எடுத்தாளப்படுவது ஆட்ரி சாப்மன் 1996இல் எழுதிய கட்டுரை. படிப்படியான நிறைவேற்றத்தை அளக்கும் புள்ளிவிவரம் பெரும்பாலான அரசுகளிடம் இல்லை, இருக்கும் புள்ளிவிவரத்தைப் பகுத்தாராயும் வசதியும் குழுவிடம் இல்லை, ஆகவே கண்காணிப்பு மீறல்களை இனங்காண்பதன் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவர் முடிபு. அரசின் செயல்களாலும் கொள்கைகளாலும் எழுபவை, பாகுபாட்டால் எழுபவை, குறைந்தபட்சக் கடமையைச் செய்யத் தவறுவதால் எழுபவை என மீறலை அவர் மூவகைப்படுத்தினார். 1997இன் மாஸ்ட்ரிக்ட் வழிகாட்டு நெறிகளும் மீறலையே மையமாகக் கொண்டன. குழுவின் இயலாமை பற்றிய அவர் கணிப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் மீறல் தானே கண்ணில் படும், முன்னேற்றத்தைத்தான் தேடி அளக்க வேண்டும் என்றொரு எண்ணம் அவ்வாதத்தின் அடியில் கிடக்கிறது. மதுரை மாவட்டச் சான்று அதற்கு இடந்தரவில்லை.

எழுமலையை அடுத்த உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற, ஏறத்தாழ 600 மீட்டர் நீளச் சுவர், 1989 சாதிக் கலவரத்தையொட்டி எழுந்தது. கட்டிய ஆண்டு 1989 என்றும் 1990 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. பொதுப்பாதை, பேருந்து நிறுத்தம், முத்தாலம்மன் கோயில் ஆகியவற்றை ஒட்டிய தகராறுகள் அச்சுவரோடு பின்னிக்கிடந்தன. சாப்மன் வகைப்பாட்டின் இரண்டாம் வகைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. எனினும் பட்டப்பகலில் நின்ற அச்சுவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ‘மீறல்’ என்று பரவலாகப் பேசப்படவில்லை. தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2008 தொடக்கத்தில் மாவட்டச் சிற்றூர்களில் நடத்திய கள ஆய்வே அதை மாநிலத்தின் பேச்சாக்கியது. கணக்கெடுப்பு முந்தியது, மீறல் பிந்தித் தெரிந்தது என்னும் இவ்வரிசை சாப்மன் காட்டிய வரிசைக்கு நேர்மாறு.

2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் சுமார் 15 அடியை இடித்துப் பாதை திறந்தது. ஜெனீவாவில் குழு இந்தியாவின் 2 முதல் 5 வரையிலான ஒருங்கிணைந்த அறிக்கையை ஆராயத் தொடங்கியது மறுநாள். இவ்விரண்டுக்கும் முடிச்சுப் போடுவது தவறு. மே 7 அன்று மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் உத்தபுரம் வரவிருந்ததே உடனடிக் காரணமாகத் தெரிகிறது. பட்டியல் சாதியினர் மீதான பாகுபாடு சட்டத்தை மீறி நீடிப்பதைக் குழுவின் கருத்துரை கண்டித்தது. ஆனால் ஊரளவில் நிகழ்வதை அறிய அக்குழுவுக்கு அரசின் அறிக்கையையும் தன்னார்வ அமைப்புகளின் மாற்று அறிக்கைகளையும் விட்டால் வேறு கண் இல்லை.

சான்று மெலிந்திருந்தாலும் வலியுறுத்தத் தக்க இன்னொன்று உண்டு. 1979 ஏப்ரலில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது இந்தியா பதிவுசெய்த அறிவிப்புகளில் ஒன்று 7(இ) உறுப்பைப் பற்றியது. பணிமூப்பும் தகுதியும் தவிர வேறெதையும் கருதாமல் பதவி உயர்வில் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அவ்வுறுப்பு; அரசமைப்பின் 16(4)க்கு, அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான பணி இடஒதுக்கீட்டுக்கு, இசையவே அது செயற்படுத்தப்படும் என்றது இந்தியா. நெதர்லாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகியவற்றின் மறுப்புகள் சுயநிர்ணயம் பற்றிய மற்றோர் அறிவிப்பைச் சுற்றியே எழுந்ததால், இந்தச் சிறு வாசகம் கவனம் பெறவில்லை. பாகுபாடின்மை உடனடிக் கடமை என்பது குழுவின் 1990ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை. சாதிச் சமூகத்தில் அச்சமத்துவமே ஆண்டாண்டாக அளந்து எட்ட வேண்டிய வேலைத்திட்டம் என்பது இவ்வறிவிப்பின் உட்கிடை எனலாம். வாசகத்தை வரைந்தோர் இவ்வளவு தூரம் எண்ணியிருப்பார்களா என்பதை வாசகமே காட்டாது. எண்ணியிருந்தால், மீறலையும் முன்னேற்றத்தையும் பிரிக்கும் சாப்மனின் கோடு இந்தியாவைப் பொறுத்தவரை வாசலிலேயே அழிந்துவிடுகிறது.

உத்தபுரத்து வழக்கோ 2008இல் முடியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் இறந்தார். 2011 நவம்பரில்தான் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றனர். தனிமனித முறையீட்டை அனுமதிக்கும் 2008ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறையில் இந்தியா சேராததால், இம்மூன்றாண்டு நிகழ்வுகள் குழுவின் முன் மீறல் வழக்காக வர வழியில்லை. 2011 ஜூன் 30க்குள் குழு கேட்டிருந்த ஆறாவது அறிக்கையில் இடம்பெற்றால்தான் உண்டு என்ற நிலையில், அவ்வறிக்கையும் உரிய நாளில் போய்ச் சேரவில்லை.